வாங்க மறுத்தார்

இன்றைக்குக் காலையிலும் கேட்டுக்கு உள்ளே மூன்று கிடந்தன. நகைக்கடைப் புத்தகம் ஒன்று, கல்யாண ஆல்பம் கணக்காக வழுவழுவென்று. வீட்டுமனை சைட் விற்கிறவர்களின் நோட்டீஸ் ஒன்று. மூன்றாவது ஒரு பள்ளிக்கூடத்தின் அட்மிஷன் விளம்பரம். என் மகள் காலேஜ் முடித்து வேலைக்குப் போய் இரண்டு வருசம் ஆகிறது. இன்னும் அவளை எல்.கே.ஜி.யில் சேர்க்கச் சொல்லி எனக்குக் காகிதம் வந்துகொண்டே இருக்கிறது. மூன்றையும் எடுத்து மூலையில் இருக்கும் சாக்கில் போட்டேன். இப்போதெல்லாம் நான் கத்துவதில்லை. கத்திக் கிழித்ததெல்லாம் போதும்.

ஒரு காலத்தில் இந்தக் காகிதத்தை நிறுத்தியே தீருவேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றவன் நான். அதில் எனக்கு என்ன போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அக்கா. அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தாயிற்று. அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான் மிச்சம். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்க்கிறவன். ஒரு டீ-சர்ட் எங்கள் டேபிளைத் தாண்டுவதற்குள் அதன்மேல் எத்தனை காகிதம் ஏறுகிறது என்று பார்த்தால் உங்களுக்கே வயிறு எரியும். கழுத்தில் தொங்க ஒரு டேக், சைஸுக்கு ஒரு ஸ்டிக்கர், மடிப்பு கலையாமல் இருக்க உள்ளே ஒரு அட்டை, அட்டைக்கு மேல் டிஷ்யூ பேப்பர். அத்தனையையும் எவனோ ஒருத்தன் எந்த ஊரிலோ பிரித்து அரை நிமிசத்தில் குப்பையில் போடப்போகிறான். போதாக்குறைக்கு, மரங்களைக் காப்போம் என்று இங்கிலீஷில் அச்சடித்த டேக் ஒன்று புதிதாக வந்தது. அதைக் கட்டுவதற்குத் தனியாக ஒரு நூல்.

அந்த டேக் வந்த சமயத்தில்தான், எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் கம்பெனி ஆள் ஒருத்தர் வந்து எங்களுக்கு ஒரு டிரெய்னிங் எடுத்தார். காகிதம் வீணாவது பற்றி. வேண்டாத காகிதத்தை உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள், உள்ளே விட்டுவிட்டுப் புலம்பாதீர்கள் என்றார். அதையே ஒரு தாளில் அச்சடித்து ஆளுக்கொன்று கையிலும் கொடுத்தார். மற்றவர்கள் அந்தத் தாளை டீ சிந்திய இடத்தில் போட்டுத் துடைத்தார்கள். எனக்கு மட்டும் அது மண்டையில் ஏறிவிட்டது. சும்மா கிடந்தவனைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகிப்போச்சு.

முதலில் நகைக்கடைக்குப் போன் போட்டேன். எனக்கு உங்கள் புத்தகம் வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்றேன். அந்தப் பெண் தேன் ஒழுகப் பேசினாள். "கண்டிப்பா சார், உங்க அட்ரஸை ஒருக்கா கன்ஃபர்ம் பண்ணிக்கிறேன் சார்" என்றாள். கதவு எண், வீதி, வேலம்பாளையம், பின்கோடு என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அதற்கடுத்த வாரம் அந்தக் கடையின் புத்தகமும் வந்தது, அவர்களுடைய ஜவுளிக்கடைப் புத்தகமும் சேர்ந்து வந்தது. கேட்டில் போர்டு வைத்தேன். அட்டைப்பெட்டிக்கு மார்க் போடும் மையில், 'விளம்பரத் தாள்கள் போடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் நானே எழுதினேன். மறுநாள் பார்த்தால் அந்தப் போர்டின் மேலேயே எவனோ ஒரு டியூசன் சென்டர் நோட்டீஸைப் பசை தடவி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவுக்குப் பேப்பர் பேய் பிடித்துவிட்டது என்று கம்பெனி பஸ் முழுக்கச் சொல்லி வைத்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் என் மூக்கு முதலில் சிவக்கும் என்பார்கள். அந்த மாசம் முழுக்க சிவந்துதான் இருந்தது.

கடைசியில் தபால்காரரைப் பிடித்தேன். அவர் தெற்கத்திக்காரர், நிதானமான மனுசர், எந்த வீட்டு நாய் கடிக்கும் எது கடிக்காது என்பதுவரை மனப்பாடம்.

"பேங்க்ல இருந்து வர்றது, கவர்மென்ட்ல இருந்து வர்றது இது மட்டும் குடுங்க. மத்தபடி அச்சடிச்சு வர்றது எதுவும் எனக்கு வேண்டாமுங்க" என்றேன்.

"அண்ணாச்சி, உங்க பேரு போட்டு வாரத நானா நிறுத்த முடியாதுல்லா. நீங்க எழுதிக் குடுத்தா, வாங்க மறுத்தார்னு கவர் மேல எழுதித் திருப்பி விட்டுருதேன். ஆனா நல்லா யோசிச்சுக்கிடுங்க."

"இதுல யோசிக்க என்னங்க இருக்குது?"

ஒரு முழுத் தாளை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நோட்டீஸ்காரனும் நகைக்கடைக்காரனும் தபாலில் அனுப்புவதில்லை, ஆள் வைத்து வீடு வீடாக வீசுகிறார்கள் என்ற ஒரு சாதாரண விசயம் அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. தபாலில் அச்சடித்து என் வீட்டுக்கு வருவது என்ன? எங்காவது தூரத்துச் சொந்தத்தின் கல்யாணப் பத்திரிகை. அதைத்தான் நிறுத்தினேன். கெட்டிக்காரன்!

இதற்கு நடுவில்தான், சித்திரை வெயிலில், அக்காவும் மாமாவும் சாமளாபுரத்தில் இருந்து மொபெட்டில் வந்து இறங்கினார்கள். அக்காள் மகனுக்கு வைகாசியில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் முதல் பத்திரிகை கோயிலுக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. அது வந்து சேர்ந்த பிறகுதான் மற்ற வீடுகளுக்குப் போவார்கள். அன்றைக்குக் காலையில் குலதெய்வம் கோயிலில் வைத்துவிட்டு, வாயில் பச்சைத் தண்ணி படாமல் நேராக என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அக்காள் புதுச்சேலை கட்டியிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. வேர்வையோடு வேர்வையாக ஒரே சிரிப்பு.

தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், நடுவில் பத்திரிகை. பத்திரிகையா அது? சின்னப் பெட்டி. வெல்வெட் துணி ஒட்டி, மேலே ஒரு பிள்ளையார், உள்ளே மூன்று அட்டை. நாலு மூலையிலும் மஞ்சள். மாமாவும் அக்காவும் சேர்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் கையை நீட்டி வாங்கியிருந்தால் முடிந்தது கதை.

என் வாயில் என்ன சனி உட்கார்ந்ததோ.

"எல்லா ஊட்டுக்குமே இந்தப் பெட்டிதானா மாமா?" என்று கேட்டேன்.

"ஆமாங் மாப்ள. ஒரே பையன். கல்யாணம் கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்னு" என்றார் மாமா. அவர் தறி ஓட்டிப் பிழைக்கிறவர். ஆசையோடுதான் சொன்னார்.

நான் ஆரம்பித்துவிட்டேன். டிரெய்னிங்கில் கேட்டது, கேட்காதது எல்லாம். கல்யாணம் முடிந்த மறுநாள் இது எங்கே போகிறது தெரியுமா, எத்தனை மரம், எத்தனை தண்ணி, சாயப்பட்டறை மாதிரி அச்சாபீசிலும் எத்தனை மை. மாமா தட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றார். பாவம், கீழே வைக்கவும் முடியாது, என் கையில் கொடுக்கவும் முடியாது. கடைசியாக நான் வெற்றிலை பாக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். பத்திரிகையை ஒரு விரலால் அவர்கள் பக்கம் தள்ளினேன்.

"இது ஒண்ணாச்சும் மிச்சமாகட்டுமுங்க. வேற யாருக்காச்சும் குடுங்க. எனக்குப் போன்ல போட்டோ அனுப்புனாப் போதும்."

அக்காளுக்குச் சட்டென்று புரியவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "சாமி, இது கோயிலுக்கு அடுத்து வெக்கிற பத்திரிகை. வாங்கிக்க கண்ணு" என்றாள்.

"அதுக்கென்னக்கா? கோயில்ல வெச்சதையும் நாளைக்குக் கூட்டித் தள்ளத்தான் போறாங்க."

இதைச் சொன்னது நான்தான். என் வாய்தான். மாமா முகத்தில் ஈயாடவில்லை. அக்காள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, பத்திரிகை மேல் இருந்த பூவைச் சரிசெய்தாள். அதை ஏன் சரிசெய்தாளோ தெரியாது. காப்பி கலக்குகிறேன், உட்காருங்கள் என்று என் வீட்டுக்காரி கெஞ்சினாள். இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும் சாமி என்று சொல்லிவிட்டு அக்காள் செருப்பைப் போட்டாள். மொபெட் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகவில்லை. மாமா மூன்று நான்கு தடவை உதைத்தார். அதுவரைக்கும் அக்காள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏனுங்க, உங்களுக்கு என்ன கிறுக்குப் புடிச்சுப் போச்சுங்களா?" என்று என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "சாயங்காலம் ரெண்டு பேரும் அவங்க ஊட்டுக்குப் போயி, கேட்டு வாங்கிட்டு வந்துருலாமுங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் பேசிக்கிறேன்."

"தப்புப் பண்ணுனவன் போவான். நான் என்ன தப்புப் பண்ணேன்? நல்லதைச் சொன்னேன்."

போகவில்லை. எத்தனையோ சாயங்காலம் வந்தது, போனது. நான் போகவே இல்லை. ரோசம். ரோசத்துக்குக் கொள்கை என்று நல்ல பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் அப்புறம் அதை யாரும் அசைக்க முடியாது.

கல்யாணத்துக்குப் போனோம். போட்டோ வந்திருந்ததே, போனில். அக்காள் மகன் அனுப்பியிருந்தான், கூட ஒரு வார்த்தை இல்லாமல். மண்டப வாசலில் மாமா கையெடுத்துக் கும்பிட்டு "வாங்க வாங்க" என்றார். எல்லாருக்கும் சொன்ன அதே குரல். பந்திக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் மாலை போடும் நேரம் வந்தது. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். அதற்குள் எங்கள் பெரியப்பா மகன் மாலையோடு மேடை ஏறிவிட்டான். அவனும் அக்காளுக்குத் தம்பி முறைதானே. முறையில் ஒரு குறையும் இல்லை. பாதி எழுந்தவன் அப்படியே உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

முன் நாற்காலியில் யாரோ விட்டுவிட்டுப் போன பத்திரிகை கிடந்தது. அதைத்தான் எடுத்துப் பிரித்தேன், அதுவரை உள்ளே பார்த்ததே இல்லையே. இரண்டாவது அட்டையில், எல்லாப் பெயருக்கும் மேலே, தாய்மாமன் என்று போட்டு என் பெயர். பக்கத்தில் என் வீட்டுக்காரி பெயர், அடுத்து என் மகள் பெயர். தங்க எழுத்து. மேடையில் வேறொருத்தன் கையில் மாலை. அந்த அட்டையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருந்தது. நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கதை சொந்தத்தில் பரவாமல் இருக்குமா? "அவருக்குப் பத்திரிகை கொண்டு போனா வையறாராமா" என்று ஆகிவிட்டது. காதுகுத்து, வளைகாப்பு, சீர், எதற்கும் யாரும் தட்டை எடுத்துக்கொண்டு என் கேட்டைத் திறக்கவில்லை. யாராவது ஸ்டேட்டஸ் வைத்தால் அதைப் பார்த்துத்தான் விசேசம் முடிந்ததே எங்களுக்குத் தெரியும். வெளியே கேட்டால், நல்லதாப் போச்சு, காகிதம் மிச்சம் என்பேன். என் வீட்டுக்காரி அப்போதெல்லாம் அடுப்படிக்குப் போய்விடுவாள். நகைக்கடைப் புத்தகம் மட்டும் வாரம் தவறாமல் வந்தது.

அடுத்த தை மாசம் என் மகள் போனை நீட்டினாள். அக்காள் தறிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே புது வீடு கட்டியிருக்கிறாள். குடி போயாயிற்று. வாசலில் வாழைமரம், அக்காள் கையில் பால் குடம், சுற்றிலும் சனம். வீடு கட்டுவது தெரியும். எப்போது குடி போகிறாள் என்பது தெரியாது. பிறந்த வீட்டுச் சீர் இல்லாமல் எந்தப் பெண் புது வீட்டுக்குள் போவாள்? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. ஒரு அட்டையை வாங்காததற்கு இத்தனை பெரிய தண்டனையா? நான் செத்தா போனேன்? அன்றைக்கு நான் அக்காளைப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. என் வீட்டுக்காரி, "இப்பவாச்சும் சீரை எடுத்துட்டுப் போலாமுங்க, அவங்க கூப்பிடாட்டி என்ன, நம்ம ஊட்டுல பொறந்த பொண்ணு ஊடுதானுங்க" என்றாள். "கூப்பிடாத ஊட்டுக்குள்ள காலை வெச்சேன்னா என்னைச் செருப்பால அடி" என்றேன்.

அந்தச் செருப்பு எனக்கு ஆடியில் தேவைப்பட்டது. மாமா தறிக்கூடத்தில் எண்ணெய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று தெரிந்ததும், என் வீட்டுக்காரி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நானும் சாவியை எடுத்தேன்.

புது வீட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மாமா கட்டிலில் படுத்திருந்தார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு மருந்து மயக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்காள் ஹாலில் எனக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். இளைத்திருந்தாள். பக்கத்துத் தறிகள் சடக் சடக் என்று ஓடிக்கொண்டிருந்தன. ஆள் ஆஸ்பத்திரி போய் வந்த வீட்டில் எதைப் பேசணும், எதைப் பேசக்கூடாது என்று ஒரு இங்கிதம் வேண்டாமா? எனக்கு எங்கே இருக்கிறது? செம்பைக் கீழே வைத்த கையோடு கேட்டுவிட்டேன்.

"ஊடு குடி போனதுக்கு ஒரு வார்த்தை சொல்லோணும்னு உங்களுக்குத் தோணலையாக்கா? நான் ஒருத்தன் உசுரோட இருக்கிறது மறந்து போச்சுங்களா?"

அக்காள் என்னைப் பார்த்தாள். அழுகையோ கோபமோ எதுவும் இல்லை. எழுந்து சாமி ரூமுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு கவர். பிரிக்காத கவர். நாலு மூலையிலும் மஞ்சள், அது காய்ந்து பழுப்பாகியிருந்தது. நடுவில் என் பெயரும் வேலம்பாளையம் விலாசமும், அக்காளின் எழுத்து. அஞ்சாவதோடு நின்றுபோனவளின் குண்டு குண்டு எழுத்து, ஒன்று மேலே ஒன்று கீழே. அதற்குக் குறுக்காக, சிவப்பு மையில், தபால்காரர் எழுதியிருந்தார்: வாங்க மறுத்தார்.

அந்தச் சிவப்பு எழுத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

"நேர்ல வந்தா மறுபடி எங்கூட்டுக்காரரை நிக்க வெச்சுப் பேசிப்புடுவியோன்னு பயமா இருந்துச்சு. அதான் தபால்ல போட்டேன்" என்றாள். "எட்டே நாள்ல திரும்பி வந்துருச்சு. ரெண்டு தடவை குடுத்துட்டேன் தம்பி. மூணாந்தடவையும் எப்பிடிக் குடுக்கிறது?"

"அக்கா, இது வந்ததே எனக்குத் தெரியாதுங்கக்கா. சாமி சத்தியமா. தபால்காரர்கிட்ட நான்தான் பொதுவா எழுதிக் குடுத்துட்டேன். அச்சடிச்சு வர்றது எதுவும் வேண்டாம்னு…"

சொல்லச் சொல்ல எனக்கே அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். அக்காள் தலையை ஆட்டினாள், சரி சரி என்பது போல.

"உள்ள பத்திரிகையோட நாலு வரி எழுதி வெச்சிருந்தேன்" என்றாள்.

"என்னங்கக்கா எழுதினீங்க?"

அக்காள் கவரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து நின்றேன். அன்றைக்கு நீட்டியிருக்க வேண்டிய இரண்டு கையையும் இப்போது சேர்த்து நீட்டினேன். "குடுங்கக்கா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அக்காள் கவரை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். கொடுக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இல்ல சாமி. உனக்குப் போட்டது உன்கிட்ட வரலை. இது எனக்குத் திரும்பி வந்த தபால்" என்றாள். சாமி ரூமுக்குள் போய்ப் படங்களுக்குப் பின்னால் அதை வைத்துவிட்டு வந்தாள். "சோறு ஆக்கறேன், இருந்து உண்டுபோட்டுப் போங்க" என்று என் வீட்டுக்காரியைப் பார்த்துச் சொன்னாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம். அதற்குப் பிறகு நாலைந்து தடவை போயிருக்கிறேன். மாமா இப்போது கோலூன்றி நடக்கிறார். அக்காள் நன்றாகத்தான் பேசுகிறாள், காப்பி கொடுக்கிறாள். அந்தக் கவர் அங்கேயேதான் இருக்கிறது, ஒட்டியது ஒட்டியபடி. அந்த நாலு வரி என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.